ஸ்தானாபதிகள் சரித்திரம் – 9: ஜெஹோல் தர்பாரில் மக்கார்ட்னி பிரபு

சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த நான்கு ஆண்டுகளில் மக்கார்ட்னி பிரபு பட்ட பாட்டைச் சென்ற இதழில் கண்டோம். ஹைதர் அலியின் படைகள் கர்நாடகம் முழுவதையும் சூறையாடிக்கொண்டிருந்த 1781ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வந்திறங்கி, அவ்வருஷ முடிவுக்குள் நாகப்பட்டினத்தை டச்சுக்காரரிடமிருந்து பறித்து, ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் வரி வசூலைக் கம்பெனியின் கைக்கு மாற்றிக்கொண்டு, தம் படைத்தலைவர்களோடு ஒரு புறமும் வங்காளத்திலிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸோடு மற்றொரு புறமும் ஓயாமல் மல்லுக்கு நின்று, 1784ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மங்களூரில் திப்பு சுல்தானோடு சமாதானம் ஏற்படச் செய்து, மறு வருஷம் பதவியைத் துறந்து கப்பலேறிய அந்த மனிதரிடம், அக்காலத்துக் கம்பெனி உத்தியோகஸ்தர் பலரிடம் காணக்கிடைக்காத ஓர் அருங்குணம் இருந்தது. நவாபிடமிருந்தோ பாளையக்காரரிடமிருந்தோ அவர் காணிக்கை வாங்கவில்லை. சம்பளத்தை மட்டும் பெற்றுக்கொண்டு அவர் ஊர் திரும்பினார் என்பதை அவருடைய பகைவர்களாலும் மறுக்க முடியவில்லை.

பகைவர்கள் இல்லாமலும் இல்லை. சென்னையில் அவர் உத்தியோகத்திலிருந்து நீக்கிக் கைது செய்வித்த ஜெனரல் ஸ்டூவர்ட், அந்த அவமானத்தை மறவாதவராய், 1786ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் ஹைட் பார்க்கில் அவரைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். போரில் ஒரு காலை இழந்திருந்த ஸ்டூவர்ட் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு சுட்டார். மக்கார்ட்னி காயமுற்று வீழ்ந்து, பின்னர் பிழைத்தார். அதன் பிறகு சில ஆண்டுகள் அயர்லாந்திலுள்ள தம் சொந்த நிலபுலங்களைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கியிருந்த அவரை மறுபடியும் உலக அரங்குக்கு இழுத்துவந்தது தேயிலை.

தேயிலை எவ்வாறு ஒரு ராஜீய விவகாரமாயிற்று என்பதைச் சற்று விளக்கவேண்டும். 1784ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தேயிலையின்மீதிருந்த வரியை நூற்றுக்கு 119லிருந்து பன்னிரண்டரையாகக் குறைத்தது முதல், பிரபுவின் மாளிகையிலும் கூலிக்காரனின் குடிசையிலும் தேநீர் அன்றாட பானமாகிவிட, அத்தனை தேயிலைக்கும் சீனத்தையே நம்பியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதற்கு ஈடாக வெள்ளியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய்க் கொட்டவேண்டியதாயிற்று. ஆங்கிலேயரின் கம்பளித் துணியைச் சீனர் விரும்பவில்லை. வியாபாரம் நடந்ததோ கான்டன் என்னும் ஒரே துறைமுகத்தில். அங்கும் அரசாங்க அனுமதி பெற்ற சில வணிகரோடு மட்டுமே பேரம் பேசலாம். பருவம் முடிந்ததும் மாக்காவுக்குப் போய்விட வேண்டும். மனைவி மக்களை அழைத்து வரலாகாது. சீன மொழி கற்பதும் குற்றம். 1759ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிளிண்ட் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் இந்தக் கட்டுப்பாடுகளைக் குறித்துச் சக்கரவர்த்திக்கு நேரே விண்ணப்பம் அனுப்பத் துணிந்தபோது, அவர் மூன்று ஆண்டுகள் சிறையில் வைக்கப்பட்டார். அவருக்காகச் சீன எழுத்தில் அவ்விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தவரின் தலை வெட்டப்பட்டது. வாசகர்கள் இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்திருக்கும்படி வேண்டுகிறேன்.

சக்கரவர்த்தியிடம் நேரிற் சென்று முறையிட ஒரு ராஜப் பிரதிநிதியை அனுப்புவதே தக்க வழி என்று லண்டனில் முடிவாயிற்று. 1787ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்ட கர்னல் காத்கார்ட் வழியிலேயே, பாங்கா ஜலசந்தியருகில், நோயால் இறந்துபோனார். அவருக்குப் பிறகு மந்திரி ஹென்றி டண்டாஸ் தேர்ந்தெடுத்தவரே மக்கார்ட்னி. ருஷ்யாவின் காதரைன் மகாராணியோடு வியாபார உடன்படிக்கை செய்து முடித்தவர், கீழ்த்திசை அரசர்களின் தர்பாரை அறிந்தவர், கையூட்டுக்கு மசியாதவர் என்ற மூன்று தகுதிகளும் ஒருங்கே வாய்ந்த வேறொருவரைக் கண்டுபிடிப்பது எளிதன்று. செலவு முழுவதையும் கம்பெனி ஏற்றுக்கொண்டது. டண்டாஸ் அவரிடம் கொடுத்த கட்டளைகளில் ஒன்று நம்முடைய கவனத்துக்குரியது: இந்தியாவிலிருந்து வரும் அபினியைத் தடுக்கவேண்டுமென்று சக்கரவர்த்தி வற்புறுத்துவாரானால், மற்ற நன்மைகளை இழப்பதைவிட அதற்கு இணங்கிவிடலாம் என்பது அது. ஐம்பது ஆண்டுகளுக்குள் அதே அபினிக்காக அதே தேசம் சீனத்தின்மீது பீரங்கியைத் திருப்பிற்று என்பதை எண்ணும்போது, அந்த ஒரு வரியைப் படிக்கையில் மனம் வேதனையுறாமலிருப்பதில்லை.

தூதுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமே! பிரிட்டனில் சீன மொழி அறிந்தவர் ஒருவரும் கிடைக்காமையால், சென்னையில் மக்கார்ட்னியின் காரியதரிசியாயிருந்து மங்களூர் சமாதானப் பேச்சிலும் பங்குகொண்ட ஸர் ஜார்ஜ் ஸ்டாண்டன், ஐரோப்பா முழுவதும் தேடி, நேப்பிள்ஸ் நகரில் சீன வாலிபர்களைக் குருமார்களாகப் பயிற்றுவித்துவந்த ஒரு கல்லூரியைக் கண்டு, அங்கிருந்து இரண்டு பேரை அழைத்து வந்தார். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, லத்தீன் தெரியும். ஆகவே ஆங்கிலத்தில் சொன்னது லத்தீனாகி, லத்தீன் சீனமாக வேண்டியிருந்தது. கப்பல் மாக்காவை அடைந்ததும் ஒருவர், தம் தேசத்துச் சட்டத்துக்கு அஞ்சி, இறங்கிப் போய்விட்டார். லி என்ற மற்றவர் மட்டும், ஐரோப்பிய உடுப்பும் இடுப்பில் வாளும் அணிந்து, தம்மைச் சீனர் என்று எவரும் கண்டுகொள்ளாதபடி கடைசிவரை உடனிருந்தார். கண்டுகொண்டிருந்தால் அவர் உயிர் தப்பியிருக்க முடியாது. இந்தத் தூதின் சரித்திரத்தில் பிரபுக்களின் பெயர்கள் பெரிதாக அச்சாகின்றன. ஆனால் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர் இந்த லி பாதிரியாரே என்பதை நாம் மறத்தல் தகாது.

ஸ்டாண்டன் தம் மகனையும், ஜார்ஜ் தாமஸ் என்ற பதினொரு வயதுச் சிறுவனை, ஸ்தானாபதியின் பணிச் சிறுவனாக உடனழைத்துக்கொண்டார். 1792ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி, 64 பீரங்கிகள் கொண்ட லயன் என்ற போர்க்கப்பலும் இந்தோஸ்தான் என்ற கம்பெனிக் கப்பலும் போர்ட்ஸ்மவுத்திலிருந்து பாய் விரித்தன. ரியோ டி ஜனிரோ, பட்டேவியா, கொச்சின் சீனா என்று பத்து மாதங்கள் நீண்ட அந்தக் கடற்பிரயாணத்தில், பெரியவர்களில் பெரும்பாலோர் சீன எழுத்தைக் கண்டு மலைத்து நின்றுவிட, பையன் மட்டும் பாதிரிமாரின் அருகிலிருந்து பேசவும் தூரிகை பிடித்து எழுதவும் கற்றுக்கொண்டான்.

1793ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் பெய்ஹோ நதியின் முகத்துவாரத்தில் அவர்களுக்குக் கிடைத்த உபசாரம் பிரமிக்கத்தக்கது. 20 எருதுகளும், 120 ஆடுகளும், 120 பன்றிகளும், நூறு நூறாகக் கோழிகளும் வாத்துகளும் அவர்களுடைய கப்பல்களுக்கு வந்து சேர்ந்தன. நதியில் அவர்களை ஏற்றிச் சென்ற படகுகளில் பெரிய சீன எழுத்துக்கள் பொறித்த கொடிகள் பறந்தன. இங்கிலாந்து தேசத்திலிருந்து கப்பம் கொண்டுவரும் தூதர் என்பது அவ்வெழுத்துக்களின் பொருள். மக்கார்ட்னிக்கு அது தெரியும். தெரிந்தும், வந்த காரியம் பெரிதென்று கருதி, அதைத் தெரியாதவர்போல இருந்துவிட்டார். நதிப் பயணம் முடிந்து டுங்சௌவிலிருந்து பீகிங்குக்கு, சக்கரவர்த்திக்காக அவர்கள் கொண்டுவந்திருந்த காணிக்கைகளை எடுத்துச் செல்ல ஏறக்குறைய 90 வண்டிகளும், 200 குதிரைகளும், 3000 ஆட்களும் தேவைப்பட்டன. ஒரு ஜெர்மானியப் பாதிரியார் நிர்மாணித்த மாபெரும் கிரகமண்டல யந்திரம், தொலைநோக்கிகள், கடிகாரங்கள், ஸ்படிக விளக்குத் தொங்கல்கள், பீரங்கிகள், ஒரு போர்க்கப்பலின் சிற்றுருவம், இரண்டு அழகிய குதிரை வண்டிகள் ஆகியவை அவற்றில் அடங்கும்.

அந்த வண்டிகளைப் பற்றித் தூதுக் கோஷ்டியைச் சேர்ந்த ஜான் பாரோ கூறும் ஒரு செய்தி உண்டு. வண்டியைப் பூட்டி நிறுத்தியதும் அரண்மனை உத்தியோகஸ்தர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, முன்புறத்தில் உயரமாகவும் அலங்காரத் துணி போர்த்தும் இருந்த ஆசனமே சக்கரவர்த்திக்குரியது என்று நினைத்தார்கள். அது வண்டிக்காரன் அமரும் இடம் என்று சொன்னபோது அவர்கள் திகைத்துப்போனார்கள். சக்கரவர்த்தியைவிட உயர்ந்த இடத்தில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு வண்டிக்காரன் அமருவதா? வந்தவர்கள் தங்கள் தேசத்துத் தொழில்திறமைக்குச் சான்றாகக் கருதிக் கொண்டுவந்த ஒரு பொருளே, பார்த்தவர்களின் கண்ணுக்கு ராஜ நிந்தனையாகத் தோன்றிற்று. இந்தத் தூதின் கஷ்டங்கள் அனைத்தையும் அந்த ஆசனத்தண்டை நின்றே விளங்கிக்கொள்ளலாம்.

அக்கஷ்டங்களில் மிகப் பெரியது வணக்க முறையைப் பற்றியது. சக்கரவர்த்தியின் சந்நிதிக்கு வருகிற எவரும் மூன்று முறை மண்டியிட்டு, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை நெற்றி நிலத்திற் படும்படி வணங்கவேண்டும் என்பது அந்தத் தர்பாரின் சம்பிரதாயம். மக்கார்ட்னி மறுக்கவுமில்லை, இணங்கவுமில்லை. தமக்குச் சமமான பதவியிலுள்ள ஒரு சீனப் பிரபு, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் படத்துக்கு முன்னால் அதே வணக்கத்தைச் செய்வாராயின் தாமும் செய்வதாகக் கூறினார். இதை எழுத்தில் கொடுக்கவேண்டியிருந்தது. ஆங்கிலக் குறிப்பை, பையனின் உபாத்தியாயரான ஒரு ஜெர்மானியர் லத்தீனாக்கினார். லி அதைச் சீனமாக்கினார். தர்பாருக்குரிய நடையில் அதைத் திருத்தியமைக்க ஒரு சீன எழுத்தர் கிடைத்தார். ஆனால் அவர் தம்முடைய கையெழுத்து அரண்மனைக்குப் போகக்கூடாதென்று கெஞ்சினார். பிளிண்டின் விண்ணப்பத்தை எழுதியவர் அடைந்த முடிவு நமக்கு நினைவிருக்குமாயின், அந்த அச்சத்தின் நியாயம் விளங்கும். முடிவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஸ்டாண்டன் உட்கார்ந்து அதைத் தன் கையால் தெளிவாகப் பிரதி செய்ய, மூலத்தை அந்த எழுத்தரின் கண்ணெதிரிலேயே அழித்துவிட்டார்கள். இரண்டு பேரரசுகளின் கௌரவத்தைப் பற்றிய அந்தப் பத்திரம் ஒரு சிறுவனின் எழுத்தில் சக்கரவர்த்தியின் மந்திரிகளைச் சென்றடைந்தது.

கனமான யந்திரங்களைப் பீகிங்கையடுத்த யுவான்மிங்யுவான் அரண்மனையில் பூட்டி வைக்கும்படி விட்டுவிட்டு, பெருஞ்சுவரைக் கடந்து, செப்டம்பர் 8ஆம் தேதி தூதர்கள் ஜெஹோலை அடைந்தார்கள். சியென்லுங் சக்கரவர்த்தி கோடைக் காலத்தை அங்கே கழிப்பது வழக்கம். மந்திரி ஹோஷென் சில நாட்கள் வாதாடிய பின், ஒரு முழங்காலை மட்டும் மடக்கி ஆங்கிலேய முறையில் வணங்கலாமென்றும், அம்முறைப்படி மன்னரின் கையை முத்தமிடுவதை மட்டும் விட்டுவிட வேண்டுமென்றும் சமரசம் ஏற்பட்டது.

செப்டம்பர் 14ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்கு, இருட்டில், லாந்தர் வெளிச்சத்தில் ஊர்வலம் புறப்பட்டது. நந்தவனத்தின் நடுவே அடிக்கப்பட்டிருந்த பெரிய கூடாரத்தில் மங்கோலியத் தலைவர்களும் பர்மா தேசத்துத் தூதர்களும் ஏற்கெனவே காத்திருந்தார்கள். பொழுது விடிந்து சிறிது நேரத்தில், பதினாறு பேர் சுமந்த திறந்த பல்லக்கில் சக்கரவர்த்தி வந்தார். அவருக்கு எண்பத்திரண்டு வயது நிறையச் சில நாட்களே இருந்தன. மக்கார்ட்னி வெல்வெட் அங்கியின்மேல் பாத் விருதின் போர்வையும், ஸ்டாண்டன் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் செந்நிற அங்கியும் தரித்திருந்தனர். வைரம் இழைத்த பொற்பேழையில் வைத்த மன்னரின் கடிதத்தை இரு கைகளாலும் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு படியேறிய ஸ்தானாபதி, ஒரு முழங்காலை மடக்கி அதைச் சக்கரவர்த்தியின் கையில் கொடுத்தார்.

உடன் வந்தவர்களில் சீனம் பேசுகிறவர் உண்டா என்று சியென்லுங் வினவ, சிறுவனை முன்னே அழைத்தார்கள். அவன் தயங்கித் தயங்கிச் சில சொற்கள் பேசினான். முதியவர் மகிழ்ந்து, தம் இடைக்கச்சையில் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் பட்டுப் பாக்குப் பையை அவிழ்த்து அவனிடம் கொடுத்தார். தாம்பூலப் பை நம் நாட்டுப் பெரியவர்களின் மடியிலும் இருப்பதுதான். ஆயினும் ஒரு சீனச் சக்கரவர்த்தி தம் மேனியில் அணிந்ததை எடுத்து ஒருவருக்குக் கொடுப்பது அங்கே பெரும்பேறாகக் கருதப்பட்டது. அன்றைய தினத்தில் இரு தரப்பிலும் சூதோ சந்தேகமோ கலவாமல் நிகழ்ந்தது அந்த ஒரு காரியமே என்று எனக்குத் தோன்றுகிறது.

மக்கார்ட்னி உண்மையில் நெற்றியை நிலத்தில் வைத்தாரா என்பதைப் பற்றி இன்றளவும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. சியென்லுங்கின் மகன், பிற்காலத்தில் தாம் சக்கரவர்த்தியானபோது, ஆங்கிலத் தூதர் முறைப்படியே வணங்கியதைத் தாம் கண்டதாகக் கூறினார். ஆங்கிலேயர் அனைவரும் இல்லையென்றனர். ஆனால் தூது தோற்றது முழங்காலின் காரணமாக என்று பள்ளிப் புத்தகங்கள் கூறிவருவதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஜார்ஜ் மன்னருக்கு அனுப்பவேண்டிய மறுப்புக் கடிதத்தின் நகல், தூதர் பீகிங்கில் கால் வைப்பதற்கு முன்பே, ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. எப்படி வணங்கியிருந்தாலும் பதில் அதுவாகவே இருந்திருக்கும்.

ஏன் மறுத்தார்கள்? ஆணவமென்று ஆங்கிலேய ஆசிரியர்கள் எழுதினார்கள். ஓரளவு ஆணவமும் உண்டு என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் மக்கார்ட்னி சமர்ப்பித்த ஆறு கோரிக்கைகளைப் படிக்கிற ஓர் இந்தியனுக்கு, அதிலும் முன்னாளில் சென்னை ராஜதானியாயிருந்த பகுதியைச் சேர்ந்தவனுக்கு, வேறு சில நினைவுகள் வராமலிரா. சூஷான், நிங்போ, தியன்ஸின் ஆகிய துறைமுகங்களில் வியாபாரம் செய்ய அனுமதி. தலைநகரில் ஒரு பண்டகசாலை. சூஷானுக்கருகே கோட்டை கொத்தளமில்லாத ஒரு சிறு தீவு. கான்டனுக்கருகிலும் அத்தகைய ஓர் இடம். மாக்காவுக்கும் கான்டனுக்கும் இடையே உள்ள சுங்கத்தில் சலுகை. வரி விகிதங்களை வெளிப்படையாக அறிவித்தல். இவைதாம் அக்கோரிக்கைகள். 1639ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் நாயக்கரிடம் வேண்டிப் பெற்றதும் இத்தகையதொரு கடற்கரைத் துண்டே அன்றோ? அந்த மணற்பரப்பில் எழுந்த கோட்டையிலிருந்துகொண்டுதான், ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபோது, இதே மக்கார்ட்னி பிரபு ஆர்க்காட்டு நவாபின் வரி வசூலைத் தம் கைக்கு மாற்றினார்.

சீனர் இதை அறியாதவர்கள் அல்லர். 1792ஆம் ஆண்டில் திபேத்தின் வழியாக நேபாளத்துக் கூர்க்கர்மீது படையெடுத்துச் சென்ற தளபதி புகாங்ஆன், வங்காளத்து ஆங்கிலேயர் கூர்க்கர்களுக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தோடு திரும்பியிருந்தார். அவர் ஜெஹோலிலும் இருந்தார். தம் மெய்க்காவற் படையின் பீரங்கிப் பயிற்சியைக் காண வருமாறு மக்கார்ட்னி பணிவோடு அழைத்தபோது, தமக்கு அதில் புதுமை ஒன்றுமில்லையென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உண்மையில் அப்போது கவர்னர் ஜெனரலாயிருந்த காரன்வாலிஸ் கூர்க்கர்களுக்குப் படை உதவி அளிக்க மறுத்திருந்தார். அது மக்கார்ட்னிக்கும் தெரியாது, புகாங்ஆனுக்கும் தெரியாது. அந்தச் சந்தேகம் விஷயத்தில் பிழை. ஆனால் அண்டை நாடுகளில் நடந்ததைக் கண்டு எழுந்த எச்சரிக்கை பிழையன்று. மக்கார்ட்னி தம்மளவில் நேர்மையாகவே கேட்டார் என்று நம்புகிறேன். அவரை அனுப்பிய கம்பெனியின் முந்தைய சரித்திரம் அவருக்கு முன்னே பீகிங் போய்ச் சேர்ந்திருந்தது.

அக்டோபர் 3ஆம் தேதி, உடல்நலம் குன்றியிருந்த ஸ்தானாபதியைப் பீகிங் அரண்மனைக்கு வரவழைத்து, மஞ்சள் பட்டு விரித்த ஆசனத்தில் வைத்திருந்த சக்கரவர்த்தியின் கடிதத்தைக் காட்டினார்கள். தம் ராஜ்யத்தில் எல்லாம் நிறைந்திருப்பதாகவும், அயல்நாட்டுச் சாமான்கள் தமக்குத் தேவையில்லையென்றும், ஆங்கிலத் தூதர் ஒருவர் தலைநகரில் நிரந்தரமாகத் தங்குவது சம்பிரதாயத்துக்கு ஒவ்வாதென்றும் அதில் எழுதியிருந்தது. நான்கு நாட்களுக்குள் அவர்கள் புறப்படவேண்டியதாயிற்று. கிரகமண்டல யந்திரத்தைப் பூட்டி நிலைநிறுத்தப் பல வாரங்கள் உழைத்த, தூதுக் கோஷ்டியைச் சேர்ந்த டாக்டர் டின்விடி, அதைப் பார்த்து அனுபவிக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லையே என்று மனம் நொந்தார்.

திரும்பும் வழி கால்வாய்களிலும் நதிகளிலும் தெற்கு நோக்கிச் சென்றது. சுங்யுன் என்ற மங்கோலியப் பிரபுவும், பின்னர் கான்டனுக்குப் புதிதாக நியமிக்கப்பட்ட ராஜப் பிரதிநிதியும் அவர்களோடு சிநேகமாகப் பழகினார்கள். வழியில் தேயிலைச் செடிகளை வேரோடும் மண்ணோடும் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. டின்விடி அவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார். டிசம்பர் 19ஆம் தேதி கான்டனை அடைந்து, அடுத்த ஆண்டு செப்டம்பரில் போர்ட்ஸ்மவுத்தில் கரையேறினார்கள். பிரயாணத்தினிடையே மக்கார்ட்னி எழுதி வந்த நாட்குறிப்பில், சீனத்தின் கடற்கரையை இரண்டு மூன்று போர்க்கப்பல்களைக் கொண்டே அழித்துவிட முடியும் என்று கணக்கிட்டதும் இருக்கிறது. அவ்வாறு செய்தால் இந்தியாவின் வியாபாரமும் உடன் நாசமாகும் என்றும், பொறுமையும் நல்லெண்ணமுமே தக்க வழி என்றும் அவர் வாதித்ததும் இருக்கிறது. முதற்பகுதியைப் பின்வந்தவர்கள் கருத்தூன்றிப் படித்தார்கள்.

பிறகு அவர் நாடு கடந்து வெரோனாவிலிருந்த பிரெஞ்சு மன்னரிடம் தூது சென்றார். 1797ஆம் ஆண்டில் நன்னம்பிக்கை முனையின் கவர்னரானார். கீல்வாத நோயால் வருந்தி அடுத்த ஆண்டே விலகினார். 1806ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி சிஸ்விக்கில் காலமானார். சிறுவன் ஸ்டாண்டனோ கம்பெனி உத்தியோகத்தில் மறுபடியும் கான்டனுக்குச் சென்று, சீனத் தண்டனைச் சட்டத்தை 1810ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டு, 1816ஆம் ஆண்டில் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவின் தூதில் இரண்டாமவராக அதே பீகிங் பாதையில் பயணமானார். அங்கே அதே வணக்கப் பிரச்சினை, இம்முறை நள்ளிரவில், தூக்கமற்ற தூதர்களைக் கையைப் பிடித்து இழுக்கும் அளவுக்கு முற்றியதை வரும் இதழில் சொல்வோம்.